பள்ளியில் ரோமானிய வரலாறு படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் லண்டனில் படித்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் திருச்சிக்காரர்கள். இங்கே பிள்ளைகளுக்கு ரோமானியர்கள் தொடக்கப் பள்ளியிலேயே அறிமுகமாகிவிடுவார்கள். ஏழு வயதிலிருந்து பதினொரு வயதுக்குள் படிக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்று தேசியப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அட்டைக் கேடயங்களைத் தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆமை அணிவகுப்பில் மைதானத்தைச் சுற்றினோம். வண்ணக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி மொசைக் ஒட்டினோம். சந்தோஷமான பாடம். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. ஜிசிஎஸ்இ-க்கு, அதாவது இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வுக்கு, பண்டைய வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தேன். செய்தித்தாள் படிப்பதிலிருந்து வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவது வரை என்னை மாற்றியது அந்த வகுப்புதான்.

எல்லாப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடையாது. எங்கள் பள்ளியில் இருந்தும் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்பாவுக்கு அரை மனசு. "செத்துப்போன ராஜாக்களைப் படிச்சு என்ன பண்ணப் போற? கம்ப்யூட்டர் எடுக்கலாமே" என்றார். "அவளுக்குப் பிடிச்சது ஒண்ணாவது எடுக்கட்டும்" என்று அம்மா பேச்சை முடித்து வைத்தார். பாடத்தில் பாதி பாரசீகமும் கிரேக்கமும். மீதிப் பாதி ரோம். அதில் கி.மு. 753 முதல் 440 வரை எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் ஹன்னிபால், கிளியோபாட்ரா, பிரிட்டானியா (ரோமானியர் ஆண்ட பிரிட்டன்) மூன்றில் ஒன்றைப் பள்ளி தேர்ந்தெடுத்து ஆழமாக நடத்தும். எங்களுக்கு பிரிட்டானியா வந்தது.

ரோமின் ஏழு அரசர்களைப் பற்றிய முதல் வகுப்பு நன்றாக நினைவிருக்கிறது. ரோமுலஸ், நூமா, துல்லுஸ், ஆங்கஸ், மூத்த தார்குவினியஸ், செர்வியஸ், கடைசியாகத் தார்குவினியஸ் சுபெர்புஸ். பெயர்களைப் பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் ஒரு கணக்குப் போடச் சொன்னார். நகரம் தோன்றியது 753-இல், கடைசி அரசன் துரத்தப்பட்டது 509-இல். இடையில் 244 ஆண்டுகள். ஏழால் வகுத்தால் ஆளுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 35 ஆண்டு ஆட்சி. அப்புறம் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நூலில் பார்க்கச் சொன்னார். ரோமுலஸ் புயலில் காணாமல் போகிறான். செனட்டர்களே கொன்றுவிட்டார்கள் என்ற பேச்சும் இருந்ததாம். துல்லுஸ் இடி விழுந்து சாகிறான். மூத்த தார்குவினியஸையும் செர்வியஸையும் கொல்கிறார்கள். கடைசி ஆள் விரட்டப்படுகிறான். இவ்வளவு வெட்டுக்குத்துக்கு நடுவில் சராசரி 35 ஆண்டா? யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. "இந்தக் கதையை எழுதியவர் யார், எப்போது எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார்?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டார்.

லிவி பிறந்தது கி.மு. 59. ரோமுலஸுக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகள். கி.மு. 390 வாக்கில் கால் (Gaul) என்ற இனத்தவர் ரோமைக் கொளுத்தியபோது பழைய பதிவுகள் பெரும்பாலும் அழிந்துபோயின என்று லிவியே எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் வகுப்பில் ஒரு பையன், "அப்படியென்றால் எல்லாம் புளுகு, தூக்கிப் போட்டுவிடலாம்" என்றான். ஆசிரியர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பாலட்டைன் குன்றில் கி.மு. எட்டாம் நூற்றாண்டுக் குடிசைகளின் கம்பம் நட்ட குழிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஆட்கள் இருந்தது நிச்சயம், அரசன் பெயர் ரோமுலஸ் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. ரோமானியர்கள் அரசர் ஆட்சியை எவ்வளவு வெறுத்தார்கள் என்பதற்கும் இதே கதைதான் சாட்சி. ஜூலியஸ் சீசர் அரசனாகப் பார்க்கிறார் என்ற அச்சத்தில்தானே கி.மு. 44-இல் அவரைக் குத்திக் கொன்றார்கள்? பொய்யாக இருக்கக்கூடிய கதையிலிருந்தும் உண்மையான ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இதை எந்த அறிவியல் வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கி.மு. 494-இல் கடன் தொல்லை தாங்காமல் சாதாரண மக்கள் நகரத்தை விட்டு வெளியேறி ஒரு மலையில் போய் உட்கார்ந்த கதை வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது. அதன் பலனாகத்தான் மக்களுக்கென்று ட்ரிப்யூன்கள், அதாவது அவர்கள் பக்கம் நிற்கும் அதிகாரிகள், வந்தார்கள். ரோமின் முதல் எழுத்துச் சட்டங்களான 12 பலகைச் சட்டங்கள், மனப்பாடம் செய்தது தவிர, என் மனதில் ஒட்டவில்லை.

பிரிட்டானியா பகுதிக்கு வருகிறேன். ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை கி.பி. 43-இல் இந்தத் தீவுக்கு வந்தது. இப்போது நார்ஃபோக் என்று சொல்லும் பகுதியில் இருந்த ஐசீனி இனத்தின் அரசன் பிராசுடாகஸ், தன் சொத்தில் ரோமப் பேரரசருக்கும் பங்கு, தன் இரண்டு மகள்களுக்கும் பங்கு என்று எழுதி வைத்துவிட்டுச் சாகிறான். ரோமானியர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். அவன் மனைவி பௌடிக்காவைச் சவுக்கால் அடிக்கிறார்கள், மகள்களைக் கெடுக்கிறார்கள். கி.பி. 60-61-இல் அவள் ரோமுக்கு எதிராக எழுந்தாள். கமுலோடுனம், லண்டன், வெருலாமியம் மூன்றும் எரிந்தன.

இதை எங்களுக்குச் சொல்பவர்கள் முக்கியமாக இரண்டு பேர். இருவரும் ரோமானியப் பேரரசின் வரலாற்றாசிரியர்கள். ஒருவர் டாசிடஸ், இன்னொருவர் நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதிய காசியஸ் டியோ. நோட்டை நடுவில் கோடு போட்டு இருவரையும் எதிரெதிரே எழுதினோம். பௌடிக்கா விஷம் குடித்துச் செத்தாள் என்கிறார் டாசிடஸ். நோய் வந்து இறந்தாள் என்கிறார் டியோ. அவள் படையில் 2,30,000 பேர் என்பது டியோ கணக்கு. கடைசிப் போரில் பிரிட்டன் தரப்பில் 80,000 பேரும் ரோமானியர் தரப்பில் சுமார் 400 பேரும் செத்ததாக டாசிடஸ் எழுதுகிறார். ஜெயித்தவன் கொடுக்கும் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இருவருமே அங்கே இல்லை. ஆனால் டாசிடஸின் மாமனார் அக்ரிகோலா அந்தச் சமயத்தில் இளம் அதிகாரியாக பிரிட்டனில் இருந்தவர். பௌடிக்காவின் தரப்பில் எழுதி வைத்த ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது, இன்றும் படுகிறது.

கமுலோடுனம்தான் இன்றைய கோல்செஸ்டர். பள்ளியிலிருந்து அங்கே கூட்டிப்போனார்கள். நார்மன்கள் கட்டிய கோட்டை நிற்பதே கிளாடியஸ் கோயிலின் அடித்தளத்தின் மேல்தான். கீழே இறங்கிப் பார்க்கலாம். ஈரமும் இருட்டுமாக, தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டிய இடம். ஓய்வுபெற்ற ரோமானியச் சிப்பாய்கள் உள்ளூர்க்காரர்களின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு குடியேறிய ஊர் அது. அந்தக் கோயில் ஊர்க்காரர்களின் கண்ணை எவ்வளவு உறுத்தியது என்று டாசிடஸே எழுதுகிறார். கடைசியாகத் தப்பி ஓடியவர்கள் அதற்குள்தான் அடைந்துகொண்டார்கள், இரண்டு நாளில் அதுவும் விழுந்தது.

அதுவரை நான் முழுக்க பௌடிக்கா கட்சி. மேலே அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றபோது அது அவ்வளவு சுலபமாக இல்லை. 2014-இல் அந்த ஊரின் கடைத்தெருவில் ஒரு கட்டடத்துக்கு அடியில் கிடைத்த நகைகள். பொன் கடகங்கள், காதணிகள், மோதிரங்கள், வெள்ளி வளையல்கள். கலவரம் நெருங்கியபோது யாரோ அவசரமாகத் தரையைத் தோண்டிப் புதைத்திருக்கிறார்கள், திரும்பி வந்து எடுக்கவே இல்லை. காதணி ரொம்பச் சின்னது. அந்த வீட்டுத் தரையில் எரிந்த பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் கிடந்தன, பக்கத்தில் வெட்டுப்பட்ட மனிதத் தாடை எலும்பும் கிடைத்தது. பக்கத்தில் நின்ற என் தோழி, "இவங்க என்ன பண்ணாங்க பாவம்" என்றாள். நிலம் பிடுங்கியவர்களின் வீடாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் அக்ரிகோலா நடத்திய கடைசிப் போருக்கு முன்னால், எதிரித் தலைவன் கல்காகஸ் பேசுவதாக டாசிடஸ் ஓர் உரை எழுதியிருக்கிறார். கொள்ளையையும் கொலையையும் ஆட்சி என்று பெயரிட்டு அழைக்கிறார்கள், ஊரைப் பாழாக்கிவிட்டு அதை அமைதி என்கிறார்கள் என்பது அதன் சாரம். இந்திய வேர் உள்ள பிள்ளைக்கு, அதுவும் லண்டன் வகுப்பறையில், அதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்காமல் இருக்காது. ஆனால் எழுதியது ஒரு ரோமானிய செனட்டர், அதுவும் அக்ரிகோலாவின் மருமகன். தன் மாமனாரின் எதிரிக்கு இவ்வளவு நல்ல வசனத்தை ஏன் கொடுத்தார்? நாங்கள் பேசிப் பேசி அந்தப் பாடவேளை முடிந்துபோனது. பேரரசர் டொமிஷியனின் கொடுமையை அனுபவித்தவர் என்பதால் தன் பேரரசின் மேலேயே அவருக்குக் கசப்பு இருந்தது என்பது என் கட்சி.

உங்களில் யாராவது இதைப் பள்ளியில் படித்திருந்தால் எப்படி நடத்தினார்கள் என்று எழுதுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு பதில்

நான் சிபிஎஸ்இ. பதினொன்றாம் வகுப்பில் ரோமப் பேரரசு மூன்று கண்டங்களில் பரவியதைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அரசர் பட்டியலைவிட எண்ணெய், ஒயின், தானியம், அடிமைகள் என்றுதான் அதிகம் போகும். ரோம் நகரத்தில் மோன்டே டெஸ்டாச்சோ என்று ஒரு குன்று இருக்கிறது, முழுக்க முழுக்க உடைந்த எண்ணெய் ஜாடிகள் குவிந்து உண்டானது. அதைப் படித்த அடுத்த வாரம் எங்கள் மிஸ் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டுக்குக் கூட்டிப்போனார். ஆற்றங்கரை, மாமரம், ஒரு பாழடைந்த செங்கல் கட்டடம், அவ்வளவுதான். கட்டடமும் ரோமானியர் கட்டியது இல்லை, பிற்காலத்துப் பாதிரிமார்கள் கட்டியது. பையன்கள் எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது.

அங்கேயே உட்காரவைத்து மிஸ் விளக்கினார். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோவில் பெயர்பெற்ற சிவப்புப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கனவே தெரியும். அதே மண் அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கும் அதனால் காலம் சொல்ல முடிந்தது. அந்த உள்ளூர் வகை வேறு ஊர்களில் கிடைத்தபோது அங்கேயும் காலம் தெரிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு இது எவ்வளவு பெரிய திறப்பு என்று அன்றுதான் உறைத்தது. ரோமானிய வணிக நிலையம் என்று வீலர் சொன்னதையும் மிஸ் அப்படியே விடவில்லை. 1989-92-இல் தொல்லியலாளர் விமலா பெக்லி மறுபடி தோண்டினார். ரோமத் தொடர்பு வருவதற்கு முன்பிருந்தே இது உள்ளூர்க்காரர்கள் வாழ்ந்த ஊர் என்று அவர் எடுத்துக் காட்டினார். யார் எழுதினார், எப்போது, யாருக்காக என்று உங்கள் ஆசிரியர் கேட்டதாக நீங்கள் எழுதிய அந்தக் கேள்வி இங்கேயும் பொருந்துகிறது.

ஹாரோவிலிருந்து ஒரு அம்மா

நாங்கள் யாழ்ப்பாணம். என்ர மகன் இப்ப நாலாம் ஆண்டு, ரோமானியர் பாடம்தான் நடக்குது. ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில விண்டோலாண்டாவில கிடைச்ச மெல்லிய மரப்பலகைக் கடிதங்களை ரீச்சர் காட்டினவ. கி.பி. 100 அளவில கிளாடியா செவேரா எண்ட பெண் தன்ர சிநேகிதி லெபிடினாவைச் செப்டம்பர் 11-ஆம் திகதி பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு எழுதினது. கடைசி வரிகள் அவளின்ர சொந்தக் கையெழுத்து. மகன் அதே மாதிரி மட்டையில மச்சாளுக்கு ஒரு கடிதம் எழுதி, கனடாவுக்கு அனுப்பச் சொல்லி நிண்டு, அனுப்பியும் ஆச்சு. இன்னொரு பலகையில சிப்பாய் ஒருத்தன் மிளகு வாங்கின கணக்கு இருக்காம். "மிளகு அந்தக் குளிருக்க எப்பிடியம்மா போனது?" எண்டு கேட்டான், கேரளக் கரையில இருந்து கப்பலில எண்டு சொன்னன். தங்கச்சி, இவன் பெரிய பள்ளிக்கூடம் போகேக்க நீங்கள் படிச்ச பாடத்தை எடுக்க விடலாமோ?

முதலில் எழுதியவள்

அக்கா, மிளகு என்றதும் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் அங்கலாய்த்திருக்கிறார். யவனர்களின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு முசிறியிலிருந்து திரும்புவதை அகநானூறு 149 பெருமையாகப் பாடுகிறது. பௌடிக்கா விஷயத்தில் ஒரு தரப்புதான் பேசுகிறது. இங்கே பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் பேசுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் மகனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தாராளமாக எடுக்க விடுங்கள். லத்தீன் தெரிந்திருக்கத் தேவையில்லை, எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். பள்ளி தேடும்போதே இந்தப் பாடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நிறைய இடங்களில் சாதாரண வரலாறு மட்டும்தான் இருக்கும். படிக்க வேண்டிய பக்கங்கள் அதிகம், பெயர்களும் வாயில் நுழையாது, அது ஒன்றுதான் கஷ்டம். அதுவரை ஒரு சனிக்கிழமை கோல்செஸ்டருக்குக் கூட்டிப்போங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நேர் ரயில் இருக்கிறது.