சித்திரை வெயிலில் அடைக்கு உட்கார்ந்த கோழி: முட்டை வைக்கலாமா?

காட்பாடித் தோட்டம் (கேள்வி)

வணக்கம். காட்பாடியில் வீட்டுக்குப் பின்புறம் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி வகை, பொய்கை செவ்வாய்ச் சந்தையில் வாங்கியவை. அதில் கறுப்புப் பெட்டை முந்தாநாள் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது, தீனிக்குக்கூட எழுந்து வருவதில்லை.

அடைக்கென்று இரண்டு வாரமாகச் சேர்த்த 13 முட்டைகள் சமையலறைப் பரணில் இருக்கின்றன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. போன பங்குனியில் இப்படி வைத்ததில் பாதிக்கு மேல் கூழ்முட்டையாகிவிட்டது. இடி இடித்ததால்தான் கெட்டது, இந்த முறை இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வை என்கிறார் மாமியார். அடையைக் கலைத்துவிடு, தண்ணீர்த் தொட்டியில் நாலு முக்கு முக்கினால் தெளிந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். தாயாகத் தவம் கிடக்கிற கோழியைக் கலைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஒடுகத்தூர் மண்வீடு

தங்கச்சி, அந்த 13 முட்டைகளையும் அடைக்கு வைக்காதே. அவை கோழியின் வயிற்றுக்கடியில் போவதற்கு முன்பே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கோழி உட்கார்ந்தால்தான் முட்டைக்குள் கரு வளரத் தொடங்கும் என்று நாம் எண்ணுகிறோம். அடைச்சூடு 37, 38 டிகிரி என்பது உண்மைதான். ஆனால் சுற்றிலும் 25 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்ல விழித்துக்கொள்கிறது. நம் வேலூரில் இந்த மாதம் வெளியிலேயே 40-ஐத் தொடுகிறது. ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று கை வைத்துப் பார். பகலில் கொஞ்சம் வளரும், இரவில் தளரும், நாலைந்து நாளில் அரைகுறையாகச் செத்துப்போகும். சந்தேகமிருந்தால் பழைய முட்டை ஒன்றை உடைத்துப் பார். மஞ்சள் கருவின்மேல் சிவப்பாக ஒரு ரத்த வளையம் தெரிந்தால் கரு தொடங்கி மடிந்திருக்கிறது என்று பொருள்.

இரும்பும் கரியும் போடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு, கூடவே காய்ந்த மிளகாயும் வைப்பார்கள். மாமியாரின் மனநிறைவுக்காக வை, கெடுதல் ஒன்றுமில்லை. கோடை இடி இடிப்பதும் முட்டை வெயிலில் கெடுவதும் ஒரே மாதத்தில் நடப்பதால் பழி இடியின்மேல் விழுகிறது. இரும்பு வைத்தும் பரணில் இருந்த முட்டை பொரிக்காது.

என்னைக் கேட்டால் இப்போது அடையைக் கலைத்துவிடு. அது கோழிக்குச் செய்யும் கொடுமையல்ல. அடைக்கோழி நாளுக்கு ஒருமுறைதான் எழுந்து கால் மணி நேரம் மேய்ந்துவிட்டுத் திரும்பும். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். கத்திரி வெயிலில் 21 நாள் அப்படியே கிடந்தால் உடம்பு உருகிவிடும். ஆடிக்குப் பிறகு வெயில் தணிந்ததும் அதே கோழியை வை. ஐப்பசி மழைக்கு முன் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துத் தேறியிருக்கும்.

தொட்டியில் முக்குவது வேண்டாம். மூக்கில் இறகு செருகுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதே, பாவம். அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டை நாலு செங்கல்மேல் தூக்கி வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல் கோழியை அதில் விடு. வயிற்றுக்குக் கீழே காற்றோடினால் அடைச்சூடு தானாக இறங்கும். நிழல், தண்ணீர், தீனி மூன்றும் குறையக்கூடாது. மூன்று நாலு நாளில் தெளிந்துவிடும். அதற்குப் பின் ஓரிரு வாரத்தில் மறுபடி முட்டையிடத் தொடங்கும்.

குடியாத்தம் தென்னந்தோப்பு

அக்கா சொல்வதில் முட்டையைப் பற்றிய பகுதி முழுக்கச் சரி. கோடையில் அடையே கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எங்கள் தோப்பில் சித்திரையிலும் குஞ்சு பொரிக்கிறது. முட்டை மூன்று நாலு நாளுக்குள் இட்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அகன்ற சட்டியில் ஈர மணல் பரப்பி, மேலே துணி விரித்து, முட்டைகளைக் கீழறையின் மூலையில் வைத்திருந்து எடுக்கிறோம். அடைக்கூடையின் அடியிலும் ஈர மணல், அதன்மேல் காய்ந்த வைக்கோல். கோடையில் எட்டு முட்டைக்கு மேல் வைப்பதில்லை.

ஏழாம் நாள் இரவு இருட்டில் செல்பேசி விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்திக் கால்கள்போல் நரம்பு ஓடினால் கரு உண்டு. வெறும் வெளிச்சமாக இருந்தால் எடுத்துவிடலாம்.

கோழி அடையை விட்டு அடிக்கடி எழுந்தால் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் காலத்தில் கூடையின் இடுக்குகளில் சிவப்பாக ஊரும். கூடையை வெயிலில் காயவைத்து, வைக்கோலை மாற்றி, வசம்புத் தூள் தூவுங்கள். குளிப்பதற்குச் சாம்பல் கலந்த மண் ஒரு மூலையில் இருக்கட்டும்.

காட்பாடித் தோட்டம்

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. இரண்டு முட்டைகளை உடைத்துப் பார்த்தேன், ஒன்றில் அந்தச் சிவப்பு வளையம் இருந்தது. எங்களுக்குத் தோப்பு நிழல் கிடையாது, அதனால் கூண்டிலேயே விட்டுவிட்டேன். ஆடிக்குப் பிறகு பொரித்தால் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு என்ன செய்வது? எதிர்வீட்டில் தை மாதம் கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒரே வாரத்தில் கூண்டே காலியாகிவிட்டது.

ஒடுகத்தூர் மண்வீடு

அது வந்தபின் மருந்தில்லை தங்கச்சி, முன்கூட்டித் தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். ஒரு குப்பியில் நிறைய கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். அதனால் காலையிலேயே போய்விடு, எதிர்வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் புதிதாகக் கோழி வாங்கினால் உன் கோழிகளோடு உடனே மேயவிட வேண்டாம், இரண்டு வாரம் தனியாக அடைத்து வைக்கச் சொல். ஏற்கெனவே தூங்கி விழுகிற கோழிக்கு ஊசி போடாதே.