1868-ல் இங்கிலாந்து போன பழங்குடி கிரிக்கெட் அணி: எந்தெந்த இடங்களைப் போய்ப் பார்க்கலாம்?

மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர். பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வரும் ஜூனில் நானும் வீட்டம்மாவும் இங்கிலாந்து போகிறோம். மகன் ரெடிங்கில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து அப்படியே டப்ளினுக்கும் போய், நர்ஸாக இருக்கும் என் தங்கை மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். மகன் ஒரு பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறான். அரண்மனை, மணிக்கூண்டு, பெரிய ராட்டினம் என்று போகிறது அது. எனக்கு அதில் எதிலும் மனசு இல்லை. 1868-ல் இங்கிலாந்து போய் ஆடிய ஆஸ்திரேலியப் பழங்குடி அணியின் ஜானி முல்லாவும் அவருடைய கூட்டாளிகளும் நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் உங்கள் உதவி கேட்கிறேன்.

2020 டிசம்பர் மெல்போர்ன் டெஸ்ட் நினைவிருக்கிறதா? அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டு, கோலியும் ஊருக்குத் திரும்பிவிட்ட நேரம். மார்கழிக் குளிரில் விடியற்காலை ஐந்து மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரஹானே 112 அடித்தார், ஜெயித்தோம். ஆட்ட நாயகன் என்று அவருக்கு ஒரு மெடல் கொடுத்தார்கள். முல்லா மெடல். அதைக் கொடுக்க ஆரம்பித்ததே அந்த ஆட்டத்தில்தான். யார் இந்த முல்லா என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவின் மேற்குப் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த பழங்குடி இளைஞர்கள் 1868 பிப்ரவரியில் சிட்னியில் கப்பலேறி, மே மாதம் இங்கிலாந்தில் இறங்கி, அக்டோபர் வரை ஊர் ஊராகப் போய் 47 ஆட்டம் ஆடினார்கள். 14 வெற்றி, 14 தோல்வி, 19 டிரா. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு போன முதல் கிரிக்கெட் அணி அதுதான். முதல் டெஸ்ட் மேட்ச்சே அதற்கு ஒன்பது வருஷம் கழித்துத்தான் நடந்தது. ஜானி முல்லா என்று வெள்ளைக்காரர்கள் கூப்பிட்டவரின் சொந்தப் பெயர் உனாரிமின். அந்த ஒரே பயணத்தில் 1,698 ரன், 245 விக்கெட்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிப்பு என்றால், என்னிடம் ஆடிய பையன்களில் தேவனாம்பட்டினம் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவர்களும் உண்டு. அதில் ஒரு இருளர் பையன் பவுண்டரி ஓரத்திலிருந்து எறிந்தால் ஸ்டம்ப் சாயும். எந்தப் பக்கமிருந்து என்றெல்லாம் கணக்கே இல்லை. வெளியூர்ப் போட்டி ஒன்றில் மதியச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பி, வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னார்கள். நான் மொத்த அணியையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பையன் அப்புறம் மைதானத்துப் பக்கம் வரவே இல்லை. யார்க் நகரத்து ஆட்டத்தில் பழங்குடி ஆட்டக்காரர்களைச் சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் சேர்க்கவில்லை, முல்லா மேற்கொண்டு ஆட மறுத்துவிட்டார் என்று படித்தபோது, என் கண் முன்னால் நின்றது அந்தப் பையன்தான்.

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் இவர்கள் நினைவாக என்ன மிச்சம் இருக்கிறது? அந்த அணியில் கிங் கோல் என்று ஒருவர் லண்டனிலேயே இறந்துபோனாராமே, அவர் சமாதியைப் பார்க்க முடியுமா? டப்ளினில் இது தொடர்பாக ஏதாவது இருக்கிறதா? படம் எடுத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

வணக்கம் மாஸ்டர். நான் புதுச்சேரி, இப்போது ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் கிங் கோலைப் பார்க்கப் போங்கள். அவர் சொந்தப் பெயர் பிரிப்பும்யாரிமின். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், அந்த மைதானத்தின் சொந்தக்காரக் கிளப்பான எம்.சி.சி.யோடு நடந்த ஆட்டம் ஜூன் 13-ல் முடிந்தது. ஜூன் 24-ல் கைஸ் ஆஸ்பத்திரியில் காசநோயால் இறந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரி லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கத்தில் இன்னும் நடக்கிறது.

புதைத்தது விக்டோரியா பார்க் கல்லறையில். அந்தக் கல்லறையைப் பிறகு மூடி, 1894-ல் பூங்காவாக்கிவிட்டார்கள். இப்போது அதற்கு மீத் கார்டன்ஸ் என்று பெயர். பெத்னல் கிரீன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். பழைய கல்லறையின் கல் வளைவு மட்டும் வாசலில் அப்படியே நிற்கிறது. உள்ளே போனால் புல்வெளி, ஊஞ்சல், நாய் கூட்டி வருகிறவர்கள். அவர் தலைமாட்டில் ஒரு கல் கிடையாது மாஸ்டர். அதற்குப் பதிலாக ஒரு தைல மரம் இருக்கிறது. 1988-ல் இன்னொரு பழங்குடி அணி அந்தப் பழைய பயணத்தின் வழியிலேயே இங்கிலாந்து வந்து ஆடியது. அப்போது அவர் நினைவாக நட்ட மரம் அது, அடியில் பெயர்ப் பலகை உண்டு. விருத்தாசலம் பக்கம் தைல மரத் தோப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு, லண்டன் பூங்காவில் அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கீழே விழுந்து கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தேன். நம்ம வீட்டில் சளிக்குத் தேய்ப்பார்களே, அதே வாசனை.

அடுத்து லார்ட்ஸ். செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷன். முல்லா அங்கே 75 அடித்தார். அந்த எம்.சி.சி. அணியில் பிரபுக்களெல்லாம் ஆடினார்கள். எம்.சி.சி. 55 ரன்னில் தப்பித்து ஜெயித்தது. மியூசியத்தில் அதே பழங்குடி அணியில் ஆடிய டிக்-எ-டிக் வைத்திருந்த லியாங்கிள் இருக்கிறது. முனை மடங்கிய மரத் தடி. ஆட்டம் முடிந்ததும் அவர் ஒரு கையில் குறுகலான கேடயம், மறு கையில் இந்தத் தடியோடு நடு மைதானத்தில் நிற்பார். யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து அவர்மேல் கிரிக்கெட் பந்தை எறியலாம். மேலே வருவதைக் கேடயத்தால் தட்டுவார், காலுக்கு வருவதைத் தடியால் தட்டுவார். பயணம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் அவர்மேல் பந்து பட்டது என்கிறார்கள். சுற்றிச் சுழலும் கம்பால் கல்லைத் தட்டிவிடும் நம்ம ஊர்ச் சிலம்ப வாத்தியார்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும். பார்க்க வந்த கூட்டம் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தது, அதுதான் எனக்கு வருத்தம். இதே டிக்-எ-டிக்தான் 1864-ல் காட்டில் வழி தவறிப்போன டஃப் குடும்பத்துக் குழந்தைகள் மூன்று பேரைத் தடம் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்.

காட்சிப் பொருள்களை அடிக்கடி மாற்றுவார்கள். தடி இப்போது காட்சியில் இருக்கிறதா என்று மெயில் போட்டுக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். 1936-ல் ஜஹாங்கீர் கான் பந்து பட்டுச் செத்த சிட்டுக்குருவியைக்கூடப் பாடம் பண்ணி அங்கே வைத்திருக்கிறார்கள்.

இவர்களுடைய முதல் ஆட்டம் லண்டனின் ஓவல் மைதானத்தில், மே 25. கடைசி ஆட்டமும் அங்கேயேதான், அக்டோபரில். உங்கள் மகன் இருக்கும் ரெடிங்கிலும் ஆடியிருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை டு டப்ளின் எழுதியது:

மாஸ்டர், அந்த அணி அயர்லாந்துக்கு வரவில்லை. ஆனால் அவர்களைக் கூட்டி வந்த கேப்டன் இங்கே வேலை பார்த்தவர். சார்லஸ் லாரன்ஸ், இங்கிலாந்துக்காரர். டப்ளின் ஃபீனிக்ஸ் கிளப்பில் பயிற்சி கொடுத்தவர். அப்புறம் 1861-ல் ஸ்டீஃபன்சன் என்பவர் தலைமையில் போன இங்கிலாந்து அணியோடு ஆஸ்திரேலியா போய் அங்கேயே தங்கிவிட்டார். ஃபீனிக்ஸ் கிளப் 1830-ல் தொடங்கியது, இன்றும் ஃபீனிக்ஸ் பூங்காவுக்குள் ஆடுகிறார்கள். ஹியூஸ்டன் ஸ்டேஷனில் இறங்கினால் பூங்கா பக்கம்தான். சனிக்கிழமை மதியம் போங்கள், ஆட்டம் நடக்கும். எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கலாம். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும், ஜூன் என்று நம்பி வராதீர்கள். உங்கள் தங்கை மகள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், பஸ் விவரம் தருகிறேன்.

வில்லியனூர் அம்பயர் எழுதியது:

மாஸ்டர் ஐயாவுக்கு வணக்கம். யார்க் கூடாரத்தைச் சொன்னீர்கள். பிள்ளைகளுக்குக் காட்டும்போது நம்ம நாட்டுத் தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலூவையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூனாவில் அவரோடு ஆடியவர்கள் டீ இடைவேளையில் பெவிலியனுக்குள் குடிப்பார்கள், பாலூவுக்கு மட்டும் வெளியே மண் குவளையில் டீ. அந்த மனிதர்தான் 1911-ல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். முல்லாவும் சரி, பாலூவும் சரி, பந்தைத் தொட்டால் தீட்டில்லை, பாத்திரத்தைத் தொட்டால் தீட்டு என்கிற உலகத்தில் ஆடியவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1868 அணியைக் கிளம்பவே விடக் கூடாது என்று பழங்குடியினர் பாதுகாப்பு வாரியம் எதிர்த்தது. ஊர் திரும்பிய 1869-லேயே விக்டோரியாவில் ஒரு சட்டம் வந்தது. பழங்குடியினர் எங்கே இருக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதை அரசாங்கமே முடிவு செய்யும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அப்படி ஒரு அணி திரும்பவும் கிளம்பாமல் போனதற்கு அதுதான் காரணம். ஆட்டம் வராததால் இல்லை. முல்லா 1879-ல் விக்டோரியா அணிக்காக இங்கிலாந்திலிருந்து வந்த லார்ட் ஹாரிஸ் அணிக்கு எதிராக ஆடி 36 ரன் எடுத்தார். 1891-ல் இறந்தார். விக்டோரியாவில் ஹாரோ என்கிற சின்ன ஊரில் அவர் பெயரில் மைதானம் இருக்கிறது.

ரஹானே வாங்கிய மெடலை அடுத்த வருஷம், 2021-ல் வாங்கியது ஸ்காட் போலண்ட். 7 ரன்னுக்கு 6 விக்கெட். அவரும் பழங்குடி வம்சாவளி. அந்த நான்கு ஓவரைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள் ஐயா.

மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகனிடம் பேசிவிட்டேன், அரண்மனையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். முதல் ஞாயிறு பெத்னல் கிரீன். பாலூவைப் பற்றி எனக்குத் தெரியும் அம்பயர் தம்பி, ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதில்லை. அப்படியே செய்கிறேன். அந்த இருளர் பையன் இப்போது பண்ருட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனுடைய மகன் ஆறாவது படிக்கிறான். படத்தை முதலில் அந்த வீட்டுக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். அவர்கள் முதலில் தங்கியது கென்ட் பக்கம் டவுன் மாலிங் என்று படித்தேன். வரைபடத்தில் அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

இப்போது வெஸ்ட் மாலிங் என்று தேடுங்கள் மாஸ்டர். லண்டன் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. பழைய மைதானம் அப்படியே இருக்கிறது, கிளப் ஆட்டம் நடக்கிறது. வேறொரு நாள் கிரேவ்செண்டுக்கும் போய்வாருங்கள். 1868 மே 13-ல் கப்பல் வந்து சேர்ந்த இடம் அது. அங்கே செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் போகஹான்டஸின் சிலை இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிப் பெண், ஊருக்குத் திரும்பக் கப்பலேறியவள் 1617-ல் அங்கேயே இறந்துபோனாள். கிங் கோலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவளையும் பார்க்காமல் வரக் கூடாது என்பது என் எண்ணம்.

ஜூனில் லார்ட்ஸில் பெரிய ஆட்டங்கள் இருக்கும், அந்த நாட்களில் சுற்றிக் காட்ட மாட்டார்கள். தேதி பார்த்து இப்போதே டிக்கெட் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் பெத்னல் கிரீன் வந்துவிடுகிறேன், அம்மாவையும் கூட்டி வாருங்கள். மதியம் ஈஸ்ட் ஹாமில் நம்ம வீட்டில் சாப்பாடு.