சோயா: ரகத்தை மாற்றணுமா, விதைப்பை மாற்றணுமா?

கரிசல்காடு:
வணக்கம்ங்க. கரிசல் மண், கிணற்றுப் பாசனம், ஒன்றரை ஏக்கர். போன புரட்டாசிப் பட்டத்தில் ஜேஎஸ் 335 ரகச் சோயா, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., ஏக்கருக்கு 20 கிலோ விதை. பாதிதான் முளைத்தது. வந்த செடியும் 30 நாளில் பூவெடுத்து முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கோவை ரகமான கோ 3-க்கு மாறினால் சரியாகுமா?

மேட்டாங்காட்டான்:
மாறுங்க, ஆனால் ரகம் பாதிக் காரணம்தான். சோயா குறும்பகல் பயிர், அதாவது பகல் குறுகினால் சீக்கிரம் பூவெடுக்கும். ஜேஎஸ் 335 மத்தியப் பிரதேசத்து ரகம். அங்கே ஆனியில் விதைக்கும்போது பகல் 13 மணி நேரத்துக்கு மேல். நம்ம புரட்டாசியில் 12 மணி நேரம், அதுவும் நாளுக்கு நாள் குறையும். போதுமான கணு வைப்பதற்குள் பூவெடுத்துவிடும். கணு குறைந்தால் காய் குறையும். இலை மஞ்சளாகிற தேமல் நோயும் அந்த ரகத்துக்குச் சீக்கிரம் வரும்.

குட்டைச் செடிக்கு 45 செ.மீ. ரொம்ப அகலம். வெயில் மண்ணில் விழுந்து களைதான் வளரும். வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 5 செ.மீ. வையுங்க: ஏக்கருக்கு 2.67 லட்சம் செடி. நூறு விதை 12 கிராம் என்றால் 32 கிலோ வேண்டும். உங்கள் 20 கிலோவில் பாதி முளைத்தால் 83,000 செடிதான். எந்த ரகமும் அதில் மகசூல் தராது.

விதைக்காரர்:
முளைப்பைப் பற்றி. சோயா விதைத் தோல் மெல்லிசு. கதிரடிக்கும் இயந்திரம் வேகமாக ஓடினாலோ மூட்டையை வீசிப் போட்டாலோ உள்ளே முளைக்கரு அடிபடும், வெளியே தெரியாது. வாங்கினதும் 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்க. 70-க்குக் கீழே முளைத்தால் திருப்பிக் கொடுத்துடுங்க.

உளுந்துபோல ஊறவைக்காதீங்க, விதை வெடித்துவிடும். ஆழம் 3 செ.மீ. தாண்டக்கூடாது. சோயா முளைக்கும்போது விதையின் இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிற பயிர். கரிசலில் தண்ணீர் தேங்கி மேல்மண் இறுகினால் முளையின் கழுத்து ஒடிந்துபோகும். அதனால் மேட்டுப்பாத்தி போட்டு, சாலில் மட்டும் தண்ணீர் விடுங்க. விதைத்த மூன்றாம் நாள் விடுகிற உயிர்த்தண்ணீரும் அப்படித்தான்.

கரிசல்காடு:
நன்றிங்க. உளுந்துக்கு வாங்கின ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கிற பாக்டீரியா உரம்) மீதி இருக்கு. அதையே கலக்கலாமா?

விதைக்காரர்:
வேண்டாம்ங்க. உளுந்தின் பாக்டீரியா சோயா வேரில் சரியாக முடிச்சு போடாது. சோயாவுக்கென்றே தனி ரைசோபியம் கேட்டு வாங்குங்க. சோயா அதிகம் பார்க்காத நிலத்தில் இது ரொம்ப முக்கியம். முதலில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (வேரழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சை), கடைசியில் ஆறின கஞ்சியில் ரைசோபியம். நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைச்சுடுங்க. 35-ஆம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நறுக்கிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெளுப்போ பச்சையோ என்றால் இல்லை.

மேட்டாங்காட்டான்:
உரம் எல்லாம் அடியுரமாகவே போடுங்க: ஏக்கருக்குச் சூப்பர் பாஸ்பேட் 200 கிலோ, பொட்டாஷ் 27, யூரியா 17. சூப்பரிலேயே கந்தகமும் வந்துவிடும், டிஏபியில் அது கிடையாது. யூரியாவைக் கூட்டினால் முடிச்சு குறையும். பூவெடுக்கும்போதும் காயில் மணி பிடிக்கும்போதும் மட்டும் ஈரம் காயவே கூடாது.