உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு

சிறையில் சில வருடங்களாக, கைதிகளைப் புகைப்படங்கள் வழியாகப் பேசவைக்கும் குழு அமர்வுகள் நடத்துகிறேன். உள்ளே கேமரா கொண்டுபோக அனுமதி இல்லை, அதனால் அச்சடித்த படங்கள்தான், ஐம்பது அறுபது இருக்கும்: மண் பாதை, மழை பெய்த முற்றம், யாரோ ஒருவரின் கை, இப்படி. மேசையில் பரப்பிவிட்டு, மனசு போகிற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன், அவ்வளவுதான்.

மூன்று வாரமாக வாயே திறக்காத ஒருவர் அன்றைக்கு ஒரு மரக்கதவின் படத்தை எடுத்தார். வெளியே போகும் ஆசை போலிருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். அவர் படத்தின் ஓரத்தை விரலால் தொட்டு, "இதுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு" என்றார். எட்டு வருடமாக ஒரு கதவைத் தன் கையால் தாழிட்டதில்லையாம். அப்புறம் அவரே பேசினார், சின்ன வயதில் அப்பா அடிக்க வரும் இரவுகளில் தங்கச்சியை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்துத் தூங்கியதை எல்லாம். "உங்க குழந்தைப் பருவம் எப்படி இருந்தது" என்று நான் நேராகக் கேட்டபோது "நல்லா இருந்துச்சு" என்று சொன்னவர் அவர்.

படத்தின் பொருள் படத்தில் இல்லை, பார்ப்பவரிடம்தான் இருக்கிறது என்று புகைப்படங்களை வைத்து மனநலச் சிகிச்சை தரும் இந்தத் துறையின் முன்னோடி ஜூடி வைசர் வலியுறுத்துவார். 1993-இல் வந்த அவருடைய புத்தகத்தை இந்த அமர்வுக்கு முன்பே படித்திருந்தேன், ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போதெல்லாம் நான் அர்த்தம் சொல்வதே இல்லை.

---

நானும் இப்படிக் குழு அமர்வு நடத்துகிறேன், உங்கள் பதிவைப் படித்ததும் என் தவறு ஞாபகம் வந்தது. முதல் அமர்விலேயே எல்லோரையும் வீட்டுப் படம் ஒன்று கொண்டுவரச் சொன்னேன், ஒருவரிடம் ஒன்றுகூட இல்லை, மற்றவர்கள் காட்டி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் உறுத்துகிறது.

பிறகு முறையை மாற்றினேன். கலிஃபோர்னியாவின் சான் க்வென்டின் சிறையில் 2011-இல் புகைப்பட வகுப்பு எடுக்கத் தொடங்கிய நைஜெல் பூர், படங்களின் அச்சுப் பிரதி மேலேயே கைதிகளை எழுதவைத்தார். அதே மாதிரி ஓரத்தில் நிறைய வெள்ளை இடம் விட்டு அச்சடித்துக் கொடுத்தேன். வீட்டுப் படம் இல்லாத அந்த மனிதர் அதைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தில், தன்னிடம் இருந்திருக்க வேண்டிய படத்தை எழுதினார். யார் எங்கே நிற்கிறார்கள், அம்மா புடவை என்ன நிறம், எல்லாம்.

ஒரு சந்தேகம். குழந்தைகள் இருக்கும் படங்களை நீங்கள் மேசையில் வைப்பீர்களா? எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.