கொல்லிமலை இறக்கத்தில் பஞ்சாக அமுங்கிய பிரேக்

சேலம், 2012 மாடல் ஹேட்ச்பேக்

போன தை மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போய்விட்டுக் காரவள்ளி பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் இறங்கியிருப்போம். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கீழே போய்த்தான் நின்றது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. விட்டு விட்டு மூன்று முறை மிதித்த பிறகே வண்டி பிடித்தது. பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகுதான் அம்மாவிடம் பேச முடிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி பெடல் கெட்டியாக இருந்தது. மிச்ச தூரத்தை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தோம்.

ஊருக்கு வந்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சார். பிரேக் ஆயில் கொஞ்சம் இறங்கியிருக்கு, ஊத்தி விட்டுடறோம்” என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் பேடு (சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடிக்கும் கட்டை) தேய்ந்திருக்க வேண்டும், இல்லை எங்காவது கசிய வேண்டும். இரண்டையும் பார்க்காமல் ஊற்றினால் நோயை மூடி வைப்பதுதான்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கும் பழைய மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் பானெட்டையே திறக்கவில்லை. முதலில் கேள்விதான். “எப்பவும் இப்படியா, இல்ல சூடானா மட்டுமா? பம்ப் பண்ணா பெடல் மேல வருதா? மிதிச்சு அப்படியே பிடிச்சிருந்தா நிக்குதா, இறங்குதா?” இந்தக் கேள்விகளுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பெடல் அமுங்குகிறது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது எப்போது, எப்படி அமுங்குகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது.

மலையில் நடந்தது ஆயில் கொதித்ததால். நான் மூன்றாவது கியரில், பிரேக்கிலேயே கால் வைத்தபடி இறங்கியிருக்கிறேன். அதற்கு மேல், ஐந்து வருடமாக ஆயிலை மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு அது 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் காலின் பலம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறியதும் குமிழி மறுபடி திரவமாகிவிடுவதால், கீழே வந்து காட்டினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அவருடைய மூன்றாவது கேள்வி இன்னொன்றையும் பிடித்துக் கொடுத்தது. எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். மெதுவாக, மெதுவாகத் தரையை நோக்கி இறங்கியது. வெளியே எங்கும் சொட்டு ஈரம் இல்லை. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, ஆயில் உள்ளேயே பின்னால் நழுவுகிறது என்றார். (எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் மிதித்திருக்கும் பெடல் கொஞ்சம் கீழே போய் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். அது நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நான் அதையும் கோளாறு என்று நினைத்திருந்தேன்.) ஆயில் இறங்கியதற்குக் காரணம் முன்பக்க பேடுகள். நன்றாகத் தேய்ந்திருந்தன.

ரப்பர் கிட் மட்டும் போடாமல் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினோம், பேடும் புதுசு. அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. தம்பி உள்ளே உட்கார்ந்து மிதிக்க, அவர் கீழே சக்கரத்துப் பக்கம் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட, “மிதி… பிடி… விடாதே… விடு” என்று ஒரு மணி நேரம். தெளிந்த குழாயில் முதலில் வந்தது கடுங்காப்பி நிறம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்கச் சொன்னார். பழைய சிலிண்டரில் பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் துருவும் அழுக்கும் படிந்த பகுதிக்குப் போய்க் கிழியுமாம். புதுசிலும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள்.

மதுரை, பழைய செடான்

ஏர் எடுத்தும் அமுங்குகிறதே என்று தவிப்பவர்களுக்கு என் அனுபவம். பேடை அமுக்கும் முன்பக்கக் காலிப்பர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து நானே மாட்டினேன். மூன்று தடவை ஏர் எடுத்தேன், ஒன்றரை லிட்டர் ஆயில் போனது. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “நிப்பிள் ஏன் தம்பி கீழ இருக்கு?” என்றார். இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருந்தேன். காற்று மேலேதான் நிற்கும், நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை முறை திறந்தாலும் ஆயில்தான் வரும். மாற்றி மாட்டிய பிறகு பத்தே நிமிடத்தில் முடிந்தது.

கோவை, டாக்சி ஓட்டுகிறேன்

பின்னால் ட்ரம் பிரேக் உள்ள வண்டிக்கு ஒரு சோதனை. பெடல் கீழே வரை போய்ப் பிடிக்கிறது, ஆனால் பஞ்சாக இல்லை, இரண்டாவது மிதியில் மேலே வந்துவிடுகிறது என்றால், சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் மேலே பிடித்தால் பின் ஷூவுக்கும் (உள்ளிருந்து ட்ரம்மை அழுத்தும் பிரேக் கட்டை) ட்ரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துரு பிடித்து நின்றிருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குக் காசு செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் மட்டும் சில வண்டிகளில் கையால் எடுக்க முடியாது, ஸ்கேனர் வேண்டும்.

சேலம், 2012 மாடல் ஹேட்ச்பேக்

கோவை அண்ணா, நீங்கள் சொன்னதை நேற்றே செய்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக் இழுத்தபோது பெடல் ஒரு விரற்கடை மேலேயே பிடித்தது. ட்ரம்மைக் கழற்றினால் இடது பக்க அட்ஜஸ்டர் அசையவே இல்லை. சுத்தம் செய்து ஷூவை அட்ஜஸ்ட் பண்ணியாயிற்று.

இன்று காலை ஏற்காடு போய், 20 வளைவுகளையும் இரண்டாவது கியரில் இறங்கி வந்தேன். அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தேன். இறங்கவில்லை.