இம்ப்ரின்டிங்: ‘வழிமுத்திரை’ என்றால் என்ன குறை?

நண்பர்களுக்கு வணக்கம்.

விதை உயிரியல் சொற்களுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று இந்தக் குழுவில் நடக்கும் பேச்சில், இரண்டு நாளாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எண்டோஸ்பெர்ம், அதாவது விதைக்குள் கருவுக்கு உணவாகும் திசு, கருவூணா, முளைசூழ்தசையா என்ற சண்டை போதும். நான் இருப்பது கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே சாப்பாட்டுக் கடைப் பலகையில் ‘ஊண்’ என்றுதான் எழுதியிருக்கும். மலையாளத்திலும் அதற்குப் பீஜான்னம், அதாவது விதைச்சோறு. கருவூண் என்றதும் என் பிள்ளைகள் விளக்கம் கேட்கவில்லை. கருவுக்கு எடுத்துவைத்த சாப்பாடு. அது முடிந்தது.

சிக்கல் இம்ப்ரின்டிங்கில்தான்: ஒரு மரபணு தாயிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து வேலை செய்வதோ அடங்கிக் கிடப்பதோ. அதற்கு ‘தாய்வழி மரபு’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அது சேராது. மைட்டோகாண்ட்ரியா போலத் தாயிடமிருந்து மட்டும் வருவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. அதிலும் இது மருமக்கத்தாயம், அதாவது சொத்து தாய்வழியில் போகும் முறை, இருந்த மண். தாய்வழி என்றால் அப்பனுக்குப் பங்கே இல்லை என்றுதான் இங்கே காதில் விழும். நம் விஷயத்தில் இரண்டு பக்கமிருந்தும் மரபணு வந்து சேர்கிறது. ஒரு பக்கத்துப் படி (நகல்) மட்டும் வாய் திறப்பதில்லை.

மக்காச்சோளத்தில் ‘ஆர்’ என்றொரு மரபணு. மணிக்கு நிறம் கொடுப்பது. தாயிடமிருந்து வந்தால் மணி முழுக்க நிறம். தந்தையிடமிருந்து வந்தால் திட்டுத் திட்டாக. கருவூணில் தாய்க்கு இரண்டு படி, தந்தைக்கு ஒன்றே ஒன்று. எண்ணிக்கை குறைவதால்தான் திட்டு விழுகிறது என்று யாருக்கும் தோன்றும். மரபியலாளர் கெர்மிக்கிள் 1970இல் அந்த எண்ணத்தை உடைத்தார். தந்தை பக்கமிருந்தே இரண்டு படி போய்ச் சேரும்படி செய்து பார்த்தார், அப்போதும் திட்டுதான்! கணக்கு எத்தனை என்பதில் இல்லை, யார் வழி வந்தது என்பதில்தான். ஆகவே ‘வழி’ சொல்லில் இருந்தே ஆக வேண்டும்.

இம்ப்ரின்டிங்குக்கு அடுத்து வந்த யோசனை ‘பதிவு’. எனக்கு அதைக் கேட்டதும் பத்திர ஆபீஸ்தான் ஞாபகம் வருகிறது. தரவுத்தளத்திலும் பதிவு, வலையிலும் பதிவு. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

நான் சொல்லும் ‘முத்திரை’க்கு வருகிறேன். எங்கள் களத்தில் தூற்றி முடித்த பொலி, அதாவது நெற்குவியல், ராத்திரி அங்கேயே கிடக்கும். தாத்தா சாணியைக் கரைத்து அதன்மேல் மூன்று நான்கு கோடு தெளித்துவிட்டு வருவார். காலையில் கோடு கலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே நெல் அதே நெல், மேலே குறி மட்டும். அளந்து மூட்டை கட்டியதும் குறியும் போச்சு. இம்ப்ரின்டிங்கும் ஏறக்குறைய இதேதான்: டிஎன்ஏ எழுத்து மாறுவதில்லை, மேலே மீத்தைல் என்ற சிறு வேதிக்குறி இருக்கிறதா இல்லையா என்பதே பேச்சு. கருவூணை முளை தின்று தீர்த்துவிடுவதால் அதிலிருந்த குறி அடுத்த தலைமுறைக்குப் போவதும் இல்லை.

முத்திரைக்கு இன்னொரு பொருளும் கைகொடுக்கிறது: வீட்டுக்குச் சீல் வைப்பது. சூலில், பின்னால் கருவூணாக மாறும் மைய செல்லில் பல மரபணுக்களின் தாய்ப்படியிலிருந்து மீத்தைல் குறி எடுக்கப்படுகிறது. அந்தப் படி பேசுகிறது. முத்திரை உடையாத தந்தைப்படி மூடிக் கிடக்கிறது. தந்தைப்படி மட்டும் பேசும் மரபணுக்களும் உண்டு. அங்கே பெரும்பாலும், டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோன் மேல் விழும் வேறு குறி தாய்ப்படியை மூடுகிறது. எப்படியானாலும் மூடுவதுதான் முத்திரையின் வேலை. பரதநாட்டியத்திலும் முத்திரை உண்டே என்பவர்களுக்கு: இருக்கட்டும், முன்னால் ‘வழி’ நிற்கிறது.

ஆக, வழிமுத்திரை, வழிமுத்திரை மரபணு, தாய்ப்படி வெளிப்பாடு, தந்தைப்படி வெளிப்பாடு. நாலும் ஒரே குடும்பமாக வந்துவிடுகின்றன.

அப்புறம் ஒன்று. நெல்லில் கருவூண் முதல் சில நாள் சுவரே இல்லாமல், உட்கருக்கள் மட்டும் பெருகிக் கிடக்கும். பிறகுதான் செல்சுவர் எழும். நான்மடித் தந்தையோடு (நான்கு தொகுதி குரோமோசோம்) இருமடித் தாயை (இரண்டு தொகுதி) சேர்த்தால் இந்தச் சுவர் எழுவது தள்ளிப்போய் மணி கெட்டுவிடுகிறது. செல்லுலரைசேஷன் என்கிற இதற்கு ‘அறைபிரிதல்’ என்று என் பாடக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்; அன்றைக்கு வகுப்பு இருக்கிறது.