சிரிஞ்ச் பம்ப் கம்பெனி கருத்துக் கேட்கிறது, என்ன சொல்லலாம்?

கேள்வி (ஐ.சி.யூ. செவிலியர்):
14 வருடமாக ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். சிரிஞ்சிலிருந்து மருந்தைச் சீராகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியின் இன்ஜினியர்கள் அடுத்த வாரம் எங்களிடம் பேச வருகிறார்கள். சொல்ல நிறைய இருக்கிறது. கையுறையோடு அழுத்தினால் பட்டன் அழுந்தியதா என்றே தெரிவதில்லை. இரவில் நாலு பம்ப் ஒரே குரலில் கத்தினால் எந்தப் படுக்கை என்று தேடி ஓட வேண்டும். ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து தீரப்போகும் நேரத்தில் அப்படி ஓடியது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நாங்கள் சொன்னால் டிசைன் மாறுமா?

பதில் (பயோமெடிக்கல் இன்ஜினியர்):
மாறும் சிஸ்டர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் செயற்கை இதய வால்வை உருவாக்கியபோது, அறுவை நிபுணர் வலியத்தானும் இன்ஜினியர்களும் சேர்ந்தேதான் உழைத்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அப்புறம் டி.டி.கே. கம்பெனி அதைத் தயாரித்தது. நீங்களும் பேச்சோடு விடாதீர்கள். நைட் டியூட்டியில் ஒரு மணி நேரம் அவர்களைப் பக்கத்திலேயே நிற்க வையுங்கள்.

பதில் (மயக்கவியல் மருத்துவர்):
நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பேசுங்கள். பரிசுப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். கருவியால் ஆபத்து நேர்ந்தால், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்க 2015 முதல் இருக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்குச் செவிலியரே எழுதலாம்.

கேள்வி கேட்டவர்:
சரி சார், எழுதுகிறேன். நாலு பம்பையும் ஒன்றாக ஒலிக்கவிட்டு, எது எந்தப் படுக்கை என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன்.